ஒரு குறையும் இல்லாத ஸ்பீக்கர்கள்

பழைய சாமான் விளம்பரத்தில் ‘மிக நல்ல நிலையில்’ என்று போட்டிருந்தால், படம் எடுப்பதற்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும்’ என்றால், பெல்ட் ஒன்றுதான் அவர்களுக்குப் பெயர் தெரிந்த பாகம். ‘சோதித்துப் பார்க்க வசதி இல்லை’ என்றால் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இந்தப் பாஷையை நான் கைக்காசு போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எறணாகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்த ஒரு கேசட் டெக்கைத் திறந்தால் உள்ளே மோட்டாரைக் காணோம். விற்றவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். “மோட்டோர் உண்டெந்நு ஞான் எழுதியிட்டில்லல்லோ” என்றார் அமைதியாக. மோட்டார் இருக்கிறதென்று எழுதவில்லைதான்.

திருவனந்தபுரத்தில் வீடுகளுக்கு பிராட்பேண்ட் வர ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் டெஸ்டர். மற்றவர்கள் செய்து வைத்ததில் எது ஓடவில்லை என்று கண்டுபிடித்து, செய்தவன் மறுக்க முடியாதபடி எழுதி அனுப்புவது வேலை. நான் என்ன செய்தேன், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, குறை எவ்வளவு கடுமையானது. இவ்வளவுதான் எழுத வேண்டும். எனக்கு அது கைவந்த கலை என்று மேனேஜரே சொல்லியிருந்தார். என் அறிக்கை வந்தால் புரோகிராம் எழுதுகிறவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆடியோ பைத்தியங்கள் கூடும் ஒரு இணையதளத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். பழைய ஆம்ப்ளிபயர், பழைய ஸ்பீக்கர், பழைய ரெக்கார்டு பிளேயர் எல்லாம் அங்கே கைமாறும். வாங்கிய பிறகு விற்றவரைப் பற்றி ஒரு கருத்து எழுத வேண்டும் என்பது அந்தத் தளத்தின் வழக்கம். நான் வாங்கியது கொஞ்சம்தான். எழுதிய கருத்துகளுக்காக என்னை நிறைய பேருக்குத் தெரிந்திருந்தது. ‘அடுத்தது எப்போது?’ என்று கேட்டு எழுதுவார்கள். அதில் ஒரு போதை இருந்தது.

அம்மாவும் நானும் ஸ்ரீவராகத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரு நாள் அந்தத் தளத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் விற்பனைக்கு வந்தது. ஊர்: திருவனந்தபுரம். இடம்: ஸ்ரீவராகம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு! தேக்கு நிறத்தில் இடுப்பு உயரப் பெட்டிகள். எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை. விவரிப்பு இப்படி முடிந்தது: ‘ஒரே உடைமையாளர். கண்ணை மூடிக்கொண்டால் பாடுகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பார். ஒரு குறையும் இல்லை.’

ஒரு குறையும் இல்லை என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பொய் சொல்கிறவர்கள்கூட நடுவில் ஒரு சின்னக் கீறலை ஒப்புக்கொள்வார்கள், நம்பிக்கை வருவதற்காக. அதை நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் ஏற்கனவே இரண்டு பேர் ‘இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தார்கள். அதுதான் என் கண்ணில் பட்டது. சனிக்கிழமை காலையில் குளித்த தலை காயாமலே போய் நின்றேன்.

கதவைத் திறந்த மாமாவை எனக்கு முன்பே பார்த்துப் பழக்கம். தெருக்கோடியில் இருக்கும் பஜனை மடத்தில் வருஷா வருஷம் ராதா கல்யாணம் என்று பாடியே நடத்தும் பஜனை உற்சவம் நடக்கும்போது மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவர் பொறுப்பு. தலைமைச் செயலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவில் அவருக்கு அடையாளம் அந்த மிக்ஸர்தான். பாடுகிறவர்கள் ஒவ்வொருவருடைய சத்தத்தையும் ஏற்றி இறக்கும் அந்தப் பலகைக்கு முன்னால், வெள்ளை அரைக்கைச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக, கல்யாணத்துக்கே தகப்பன் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

“நீ அந்த மாடி வீட்டுப் பையனோல்லியோ? வா, வா. அமெரிக்காவிலேருந்து பிள்ளை புதுசா ஒண்ணு வாங்கி அனுப்பிச்சிருக்கான். இத்தனூண்டு இருக்கு. அதான் இதைக் கொடுத்துடலாம்னு. மாமிக்கு இது எடத்தை அடைக்கறதாம்.”

“அடைக்கறதாமாவது? தெனம் கால்ல இடிச்சுக்கறவளுக்குன்னா தெரியும்” என்று உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. மாமி எப்போதும் உரக்கப் பேசுவாள். அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

பெட்டிகள் படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தன. மாமா ஆம்ப்ளிபயரைப் போட்டார். “உக்காரு. மடத்துல நானே ரெக்கார்டு பண்ணினது இருக்கு. ஒண்ணு முழுசாக் கேளு. கேட்டுட்டு எடுத்துண்டு போ.”

நான் உட்காரவில்லை. இதற்குள் மற்ற இரண்டு பேரில் ஒருவர் கழக்கூட்டத்திலிருந்து கிளம்பியிருந்தால்? மாமா ‘வரட்டுமே, அவரும் கேக்கட்டும்’ என்று சொல்லுகிற ரகம். “வேண்டாம் மாமா, ஆட்டோவை நிக்க வெச்சிருக்கேன்” என்றேன். ஆட்டோவே பேசியிருக்கவில்லை. வெளியே ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

“கேக்காம வாங்கறயேடா” என்றார் மாமா. அவர் முகம் சற்று வாடியது. கடைசியாக ஒரு தடவை யாருக்காவது போட்டுக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார். அது எனக்கு இப்போது தெரிகிறது.

வீட்டில் கொண்டுவந்து வைத்துப் போட்டேன். பாட்டு வந்தது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தது. குரல் இருந்தது, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் கனத்த ஒலி இருந்தது. ஜால்ரா இல்லை. தம்பூராவின் கடைசி இழை இல்லை. ஒயரை மாற்றினேன், இடம் மாற்றினேன். பிறகு முன்பக்கத் துணியைக் கழற்றினேன். பெட்டியின் மேல் பாகத்தில், மெல்லிய உச்ச ஒலிகளுக்கென்றே ஒரு சின்னக் குமிழ் இருக்கும். ட்வீட்டர் என்போம். காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். இரண்டு பெட்டியிலும் அது செத்துக் கிடந்தது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே கம்பிச்சுருள் கருகியிருந்தது. நேற்று கருகியதில்லை, கருகி வெகுநாள் ஆனது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “ஏண்டா, வாங்கிண்டு வந்த அன்னிக்கே பிரிச்சுப் போட்டாச்சா?”

“ஏமாத்திட்டார் அம்மா. அந்த மடத்து மிக்ஸர் மாமா.”

“அவரா? அவர் கடைக்காரன் மிச்சம் ஒரு ரூபா கூடக் கொடுத்தாத் திரும்பப் போய்க் கொடுக்கறவராச்சே.”

மாமாவுக்கு போன் செய்தேன். ட்வீட்டர் இரண்டும் வேலை செய்யவில்லை என்றேன். மறுமுனையில் சிரிப்பு. “நன்னாக் கேக்கறதேடா! நேத்து ராத்திரி வரைக்கும் நான் கேட்டேனே. ஒயரை மாத்திக் குத்தியிருப்பே. செத்தப் பொறுமையாப் பாரு.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எறணாகுளத்துக்காரரின் அமைதியும் இந்தச் சிரிப்பும் ஒன்றுதான் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆபீஸில் எழுதுவது போலவே எழுதினேன். செய்தது: இரண்டு ஸ்பீக்கரையும் மூன்று விதமான பாட்டில் ஓடவிட்டேன். வந்திருக்க வேண்டியது: விவரிப்பில் சொன்னபடி எதிரே உட்கார்ந்து பாடும் பாடகர். வந்தது: பக்கத்து வீட்டில், ஜன்னல் சாத்திக்கொண்டு பாடும் பாடகர். குறையின் கடுமை: மிக அதிகம். கடைசியில், ஆபீஸில் எழுத அனுமதி இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன். ‘காது உள்ள எவருக்கும் இது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆகவே விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.’

விற்றவர் போட்டுக் கேள் என்று சொன்னதையும் நான் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்ததையும் எழுதவில்லை. அது குறையின் விவரத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாராட்டு குவிந்தது. ஜன்னல் சாத்திக்கொண்டு பாடும் பாடகரை யாரோ தளத்தில் தன் ஒவ்வொரு பதிவின் அடியிலும் வரும் கையெழுத்து வாசகமாகவே வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது. மாமாவின் மகன். அவர்தான் அந்த விவரிப்பை இங்கிலீஷில் எழுதித் தளத்தில் போட்டவர். சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

“நீங்க எழுதினதைப் படிச்சேன்” என்றார். “அப்பா போன்ல சொல்லச் சொல்ல நான் அப்படியே எழுதினேன். ஒரு குறையும் இல்லேன்னு அவர்தான் சொன்னார். உங்க கடைசி வரியைப் படிச்சப்பறம் யோசிச்சுப் பாத்தேன். போன வருஷம் வந்தப்போ குக்கர் விசில் அடிச்சுண்டே இருக்கு, அப்பா பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிண்டிருக்கார். கவனமாப் படிக்கறார்னு நெனச்சேன். அவருக்குத் தெரியாதுங்க. நிஜமாவே தெரியாது.”

அந்தக் கருகிய சுருள் நினைவுக்கு வந்தது. உச்ச ஒலி கேட்காதவர் அதைக் கேட்பதற்காக ட்ரெபிள் குமிழை வலது ஓரம்வரை திருகுவார். திருகத் திருக ட்வீட்டர் சூடாகும். ஒரு நாள் எரிந்து போகும். அது எரிந்துபோனதும் அவருக்குத் தெரியாது. அந்த ஆம்ப்ளிபயரில் ட்ரெபிள் குமிழ் வலது ஓரத்தில் நின்றதை அன்றைக்குப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

“பணத்தை நான் அனுப்பிடறேன். அது பெரிசில்ல” என்றார் அவர். “அதை எடுத்துட முடியுமா?”

“எழுதினதை எடுக்க முடியாது. கீழே பதில் போடலாம், அவ்வளவுதான்.”

“ராதா கல்யாணம் வரப் போறது. அப்பாக்கு வருஷம் பூரா அந்த மிக்ஸர்தான். அது மட்டும் அவர் கையை விட்டுப் போகாமப் பாத்துக்கோங்க. அவர்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பணம் வேண்டாம் என்றும் சொன்னேன். ஊரின் பெரிய சந்தையான சாலைக் கடைத்தெருவில் அலைந்து, பொருந்தக்கூடிய ஒரே ஒரு ட்வீட்டர் கிடைத்து, ஒரு பெட்டியில் அதைப் பொருத்தினேன். மற்றது அப்படியே இருந்தது. எனக்கு அதைக் கேட்கும் ஆசை போய்விட்டிருந்தது.

வாக்கைக் காப்பாற்ற எனக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை, அதற்குள் விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது மடத்தின் செக்ரட்டரி வழிமறித்தார். அவருக்குத் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும்.

“எடா, நீயாக்கும் நெட்ல எழுதினது? எங்க பசங்கள்ல ஒருத்தன் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தான். சிரிச்சு சிரிச்சு வயறு வலிச்சுடுத்து, கேட்டயோ. ஆனா விஷயம் சீரியஸ். ரெண்டு வருஷமா கல்யாணத்துல மைக்கு காதுல ஊசி குத்தற மாதிரி கத்தறது. போன வருஷம் பாகவதர் நடுவுல எழுந்து போயிடுவேன்னு பறஞ்சார். எல்லாரும் பெட்டி பழசு, வயர் பழசுன்னு நெனச்சுண்டு வீடு வீடாப் பணம் பிரிச்சு புதுசு வாங்கினோம். பின்னேயும் அதே கத்தல். இப்போல்லே புரியறது!”

“அப்படியெல்லாம் நான் எழுதல சார்.”

“நீ எழுதினதுக்கு அர்த்தம் அதுதானே? ஒண்ணா அவர் பொய் பறஞ்சார். இல்லேன்னா அவருக்குக் காது போச்சு. பொய் பறயற ஆளில்ல அவர்.” என் தோளில் கையை வைத்தார். “இந்த வருஷம் மிக்ஸர்ல நீ உக்காரு. உனக்கல்லே இதெல்லாம் தெரியும்.”

வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு துள்ளல் எழுந்தது. அந்தப் பலகையைத் தொட்டுப் பார்க்க எத்தனையோ நாள் ஆசை. அடுத்த கணமே மகனுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. “எனக்கு ஆபீஸ் இருக்கு சார், முடியாது” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை என்னடா ஆபீஸ்? நான் அவர்கிட்ட பக்குவமாப் பேசிக்கறேன்.”

“ஐயோ, பேசாதீங்கோ சார்.”

பேசியிருக்கிறார். பக்குவமாகப் பேசத் தெரிந்தவராக எனக்கு அவர் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து, காலையில் நான் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போது, வாசலில் மாமா. கையில் மடித்த காகிதம். பஸ் போய்விடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டாள். மாமா உட்காரவில்லை.

“படிச்சேன்” என்றார். “இங்கிலீஷ் நன்னா இருக்கு. இவ்வளவு நன்னா எழுதத் தெரிஞ்சவா எங்க செக்‌ஷன்ல யாருமே இருந்ததில்ல.”

“மாமா, நான் அவசரப்பட்டு…”

“அதை விடு. நீ எழுதினபடி பார்த்தா நான் ஒண்ணு பொய்யன், இல்லேன்னா செவிடன். ரெண்டுல எதுன்னு தெருவே பேசறது. செக்ரட்டரி வந்து ‘உங்களுக்கு ஓய்வு வேண்டாமோ’ங்கறான். ரெண்டுமில்லேன்னு நான் காட்டணும். பெட்டி எங்கே?”

உள்ளே அழைத்துப் போனேன். ஒரு பெட்டிக்குப் புது ட்வீட்டர் போட்டிருப்பதையும் மற்றது பழையபடியே இருப்பதையும் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. வேலை தெரிந்தவர். என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொன்னார்.

“ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வை. எடத்தை வெச்சு நான் கண்டுபிடிச்சுடக் கூடாது. நான் கண்ணை மூடிக்கறேன். நீ முதல்ல ஒண்ணுல போடு, அப்பறம் இன்னொண்ணுல போடு. எது புதுசுன்னு நான் சொல்றேன். நீ சரியா தப்பான்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே.”

சட்டைப் பையிலிருந்து மடத்தில் பதிவு செய்த சி.டி.யை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு நான் கேட்காமல் போனது.

பாட்டு ஆரம்பித்தது. நல்ல பதிவு. முதலில் பழையபடியே இருந்த பெட்டியில், பிறகு புது ட்வீட்டர் போட்டதில். மாற்றியதும் அறை விளக்குப் போட்டது போல் ஆயிற்று. ஜால்ராவின் ஒவ்வொரு தட்டும் கீழே விழுந்த சில்லறை மாதிரித் தனித்தனியாகத் தெறித்தது. வாசல்படியில் நின்ற அம்மாவே நிமிர்ந்து பார்த்தாள். மாமா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, முழுக் கவனத்தோடு கேட்டார்.

“முதல்ல போட்டது புதுசு” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவிட்சின் மேல் வைத்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி மாமா” என்றேன்.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை சரியாகவே சொன்னார். அடுத்தது தப்பு. அதற்கும் சரி என்றேன். ஒரு தடவை சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. அவர் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்திருந்தது, அதை எடுத்துவிட என்னால் ஆகாது. இப்படியே முடிந்துவிட்டால் நேராகச் செக்ரட்டரியிடம் போய், நான்தான் தப்பாக எழுதிவிட்டேன், மாமாவுக்குக் காது பாம்புக்காது என்று சொல்லிவிடலாம். அவர் மிக்ஸர் அவரிடமே இருக்கும். கல்யாணத்தில் எல்லாரும் இன்னொரு வருஷம் காதைப் பொத்திக்கொண்டு உட்காரட்டும். மளமளவென்று இப்படி ஒரு திட்டம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் சில தடவை மாற்றிப் போட்டேன். அவர் சொன்னார். சரி, சரி என்றேன்.

மாமா கண்ணைத் திறந்தார். சிரிப்பு போயிருந்தது.

“எல்லாமே சரியோ?”

“எல்லாமே சரி மாமா.”

“கடைசி ரெண்டு தடவை நான் கேட்டுச் சொல்லல்லடா. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ ரெண்டாவதைப் போடறதுக்கு முன்னாலேயே மனசுல முடிவு பண்ணி வெச்சுண்டேன். அதுவும் சரியாயிடுத்தா?”

நான் சி.டி.யை நிறுத்தினேன்.

“அதுக்கு முன்னாடி நான் சொன்னதும்கூட எனக்குச் சந்தேகமாத்தான் இருந்தது. வித்தியாசமே தெரியல்ல. நீ சரி, சரிங்கறே.” காகிதத்தை மெதுவாகப் பிரித்து, மறுபடி மடித்தார். “ஒரு தப்புகூட வரல்லேன்னா டெஸ்ட்டே தப்புன்னு உங்க ஆபீஸ்ல சொல்லித்தரல்லையோ?”

அம்மா சட்டென்று உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரம் எதையோ எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் அம்மாவுக்கும் கேட்டது.

மாமா இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். “மாமிக்குத் தெரிஞ்சிருக்கும். அதனாலதான் அவ அப்படிக் கத்திக் கத்திப் பேசறா. நான் அவளுக்குத்தான் காது மந்தமாயிடுத்துன்னு நெனச்சேன். அவகிட்ட சொல்லியும் சிரிச்சிருக்கேன்.”

“மன்னிச்சுக்கோங்கோ மாமா. நான் அப்படி எழுதியிருக்கப்படாது.”

“எழுதினதுல குறை நிஜம்தானே? ஆனா தெரிஞ்சே வித்தேன்னு எழுதிட்டே பாரு, அது நிஜமில்ல. அதை இப்போ மாத்தணும். கம்ப்யூட்டரைப் போடு.”

எழுதியதை மாற்ற முடியாது, கீழே பதில் போடலாம் என்றேன். சரி என்றார். நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். விற்றவர் வயதானவர் என்றும், வயது காரணமாக ஏற்படும் இயல்பான மாற்றங்களால் என்றும், தவறான புரிதலுக்கு வருந்துகிறேன் என்றும் ஒரு பத்தி வளர்ந்தது. மாமா என் பின்னால் நின்று படித்துக்கொண்டே வந்தார்.

“நீளம். அடி.”

அடித்தேன்.

“நான் சொல்றபடி போடு. விவரிப்பு விற்றவருக்குக் கேட்டபடி எழுதப்பட்டது. விற்றவருக்கு உச்ச ஒலிகள் கேட்பதில்லை. அது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. வாங்கியவர் சொன்ன குறை சரி. முற்றுப்புள்ளி.”

“மாமா, இதைத் தெருவுல எல்லாரும் படிப்பா. மடத்துலயும் படிப்பா.”

“படிக்கட்டும். செவிடன்னு சொன்னா மிக்ஸர்தான் போகும். பொய்யன்னு சொன்னா நான் அந்த மடத்துக்குள்ளேயே போகப்படாது.” என் நாற்காலியின் முதுகைத் தட்டினார். “போடு.”

நான் கேட்காமல் வாங்கினேன் என்பதையும் இதில் சேர்க்கட்டுமா என்றேன்.

“அது உன் விஷயம். என் பேர்ல வர்றதுல எதுக்கு அதைச் சேர்க்கறே? உன் பேர்ல தனியா எழுதிக்கோ.”

பொத்தானை அழுத்தினேன். அவர் சி.டி.யை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அம்மா கொண்டுவந்த காபியைக் குடித்தார். குடித்துவிட்டுச் செக்ரட்டரி வீட்டுக்குப் போனார். போவதை மாடியிலிருந்து பார்த்தேன். வேகமாகத்தான் நடந்தார்.

என் பங்கைத் தனியாக எழுதினேன். வாங்கும்போது கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை என்று. முதலில் எழுதியதைப் படித்துச் சிரித்தவர்கள் அதற்குள் வேறு ஏதோ ஒரு ஆம்ப்ளிபயர் சண்டைக்குப் போயிருந்தார்கள். அதற்குக் கீழே யாரும் எதுவும் போடவில்லை. மகனிடமிருந்து மட்டும் ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. ‘அப்பா போன் பண்ணினார். எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தேன்.’ நான் சொல்லவில்லை என்று பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தெம்பு வரவில்லை.

ராதா கல்யாணத்தன்று மிக்ஸர் முன்னால் நான்தான் உட்கார்ந்தேன். வேறு ஆள் இல்லை என்றார்கள். மாமாவே சொல்லிவிட்டார் என்றார்கள். அவர் வந்து எந்த மைக் எந்தக் குமிழ் என்று ஒரு தடவை காட்டிவிட்டு, முன்னால் பாடுகிறவர்கள் நடுவே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று யாரோ அவர் கையில் ஜால்ராவைக் கொடுத்திருந்தார்கள்.

நான் முதல் வேலையாக ட்ரெபிளை இறக்கினேன். கூடத்தில் ஒரு தளர்ச்சி பரவுவது தெரிந்தது, இறுகிய தோள்கள் கீழே இறங்கின. பாகவதர் பாடிக்கொண்டே என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். செக்ரட்டரி குனிந்து என் காதில், “பாத்தயோ, ஒருத்தர் காதைப் பொத்தல்ல” என்றார். நான் கேட்காதவன் போல் இருந்தேன்.

மாமா ஜால்ராவை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் பிசகவில்லை. ஆனால் அவருக்கு அது கேட்க வேண்டுமே, இன்னும் ஓங்கினார். பக்கத்தில் இருந்தவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். மாமா முன்னால் இருந்த மைக்கின் சத்தம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு மேலே வந்தது. மாமி எதிர்வரிசையிலிருந்து என்னைப் பார்த்தாள். பாட்டுக் கேட்க வந்தவர்களும் ஒவ்வொருவராக என் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த மைக்கின் குமிழ் எது என்று எனக்குத் தெரியும். அவர்தான் காட்டியிருந்தார். அதைப் பிடித்து மெதுவாக இறக்கினேன், அவருக்குத் தெரியாது என்று தெரிந்தே இறக்கினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தார். கூடத்தில் குரல்கள் மட்டும் கேட்டன.